ஆற்றங்கரையில் ஓர் ஆய்வுக் கேள்வி

மலாயாவில் மின்சாரம் பயன்பட்டதற்கான மிகப் பழைய பதிவு சிலாங்கூரின் ரவாங் நகரில் இருக்கிறது. 1894ஆம் ஆண்டு லோக் இயூவும் கே. தம்புசாமி பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக அங்கே மின்னாக்கி ஒன்றை நிறுவினார்கள். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலுக்கும் பத்துமலை முருகன் கோயிலுக்கும் அடித்தளம் இட்ட அதே தம்புசாமி பிள்ளைதான். சுரங்கத்தில் தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறும். அதை இறைத்துக் கொட்டினால்தான் ஈயமணலை எடுக்க முடியும். மலாயாச் சுரங்கங்களில் அந்த வேலைக்கு மின்சாரப் பம்பு முதலில் வந்தது இங்கேதான்.

இன்று ரவாங்கில் ஏதாவது ஒரு தாமானுக்குள் போய் ஒரு வரிசை வீட்டின் கதவைத் தட்டிப் பாருங்கள். குளிர்பெட்டி, காற்றாடி, துணி துவைக்கும் இயந்திரம், மிக்சி, குளிரூட்டி, கைப்பேசி அதிர்வதற்காக அதற்குள் இருக்கும் குட்டி மோட்டார் என்று ஒரே வீட்டில் பத்துக்கும் மேற்பட்ட மின்மோட்டார்கள் ஓடிக்கொண்டிருக்கும். எத்தனை என்று வீட்டுக்காரரைக் கேட்டால் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை.

இந்த மாற்றத்தைக் கூர்ந்து கவனித்தவர் மார்க் வைசர். அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பணியாற்றிய அவர், 1988 வாக்கில் கணினியின் எதிர்காலம் பற்றிப் புதிதாகச் சிந்திக்கத் தொடங்கினார். 1991 செப்டம்பரில் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் வந்த அவருடைய கட்டுரை ஒரு புதிய ஆய்வுத்துறைக்கே வழி திறந்தது. அதில் அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று மின்மோட்டார். தொடக்ககாலத் தொழிற்சாலைகளில் ஒரே ஒரு பெரிய இயந்திரம் இருக்கும். வார்களும் தண்டுகளும் அதன் விசையை எல்லா எந்திரங்களுக்கும் கொண்டுசெல்லும். பின்னர் மோட்டார் சிறிதாகி, மலிவாகி, ஒவ்வொரு கருவிக்குள்ளும் புகுந்தது. சாதாரணக் கார் ஒன்றின் பழுதுபார்ப்புக் கையேட்டைப் புரட்டினால் 22 மோட்டார்கள் தென்படும் என்று அவர் சுட்டிக்காட்டினார். கணினியும் இதே வழியில் போக வேண்டும், சுவரிலும் மேசையிலும் சட்டைப்பையிலும் கலந்து நம் கவனத்திலிருந்து விலகிவிட வேண்டும் என்பது அவர் கனவு. அந்தக் கனவைத் துரத்தும் துறையைத்தான் எங்கும் நிறை கணிமை என்கிறோம்.

மோட்டார் சிறிதானதால் மட்டும் மின்சாரம் நம் கண்ணிலிருந்து மறையவில்லை. தரப்படுத்திய மூன்று முனைப் பிளக், ஆபத்து வந்தால் தானாக அறுந்துவிடும் உருகி, வீட்டுக் கம்பிகளைச் சோதித்துச் சான்று தரும் விதிமுறை, பழுதானால் வந்து நிற்கும் பணியாளர்கள் என எல்லாம் அதன் பின்னால் இருக்கின்றன. 1949இல் தொடங்கிய மத்திய மின்சார வாரியம், பின்னர் தேசிய மின்சார வாரியமாகி, 1990இல் தெனாகா நேஷனலாக மாறிய நெடிய வரலாறு நாம் தட்டும் ஒவ்வொரு சுவிட்சுக்கும் பின்னால் இருக்கிறது. சுவிட்சை நம்புகிறோம், அதனால் அதை மறந்துவிடுகிறோம். எங்கும் நிறை கணிமையில் இன்னும் தீராமல் கிடக்கும் ஆய்வுக் கேள்விகள் பெரும்பாலும் இந்த நம்பிக்கையைப் பற்றியவை. முதுநிலை ஆய்வுக்கு வரும் மாணவர் அவற்றைத் தன் வீட்டுக்கு அருகிலேயே காணலாம் என்பதே இந்த அத்தியாயம் சொல்ல வரும் செய்தி.

நான்கு கேள்விகள்

வைசரின் குழு மூன்று அளவுகளில் கருவிகள் செய்தது: உள்ளங்கையில் அடங்கும் தாவல், புத்தக அளவுப் பலகை, சுவரளவுப் பெரும்பலகை. ஓர் அறையில் நூற்றுக்கும் மேற்பட்ட தாவல்களும், பத்து இருபது பலகைகளும், ஓரிரு பெரும்பலகைகளும் இருக்கும் என்று அவர் கணித்தார். கருவிகளைப் பொறுத்தவரை அவர் சொன்னது நடந்துவிட்டது. கைப்பேசியும் தட்டைக் கணினியும் பெருந்திரையும் நம்மிடம் இருக்கின்றன. ஆனால் அவை நம் கவனத்திலிருந்து விலகவில்லை. மணிக்கு நூறு முறை கூப்பிடும் கைப்பேசி வைசர் விரும்பியதற்கு நேர் எதிரானது. 1999இல் தம் 46ஆம் வயதில் அவர் காலமானார். கனவின் கடினமான பாதியை அடுத்தவர்களுக்கு விட்டுச் சென்றார்.

அந்தப் பாதியைத் தெளிவான ஆய்வுக் கேள்விகளாக வகுத்துத் தந்தவர்களில் முக்கியமானவர் மகாதேவ் சத்யநாராயணன். சென்னை ஐஐடியில் இளநிலையும் முதுநிலையும் முடித்து, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1983இல் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே பேராசிரியரானவர். 2001இல் வெளிவந்த அவருடைய கட்டுரை இத்துறையில் நுழையும் எந்த மாணவரும் முதலில் படிப்பது. நான்கு கேள்விகளை அது முன்வைக்கிறது.

முதலாவது, கணினி கலந்த ஓர் இடத்தை எப்படிப் பயனுள்ளதாக்குவது? விரிவுரை மண்டபத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அறிந்து குளிரூட்டி தன்னைத் தானே மாற்றிக்கொள்வது எளிய எடுத்துக்காட்டு. இரண்டாவது, மனிதரின் கவனத்தைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது எப்படி? மூன்றாவது, கருவிகள் ஆயிரக்கணக்கில் பெருகும்போது எல்லாம் எல்லாவற்றோடும் பேச முடியாது, கே.எல். சென்ட்ரலில் நிற்கும் ஒருவரின் கைப்பேசிக்குப் பக்கத்திலுள்ள கருவிகளோடு நெருக்கமும் தொலைவிலுள்ளவற்றோடு விலக்கமும் வேண்டும். அந்த வரம்பை எப்படி வகுப்பது? நான்காவது, எல்லா இடத்திலும் வசதி ஒரே அளவில் இருக்காது. ரவாங்கிலிருந்து காஞ்சிங் காட்டை ஒட்டி செலாயாங் வழியாகக் கோலாலம்பூருக்குப் போகும் ஒருவர் நகரத்தின் அடர்ந்த இணைய வசதியையும் மலைச்சரிவின் மங்கிய அலைவரிசையையும் ஒரே பயணத்தில் சந்திக்கக் கூடும். அந்த ஏற்றத்தாழ்வைப் பயனர் உணராதபடி மறைப்பது எப்படி?

இந்த நான்கில் எதுவும் முடிந்துபோகவில்லை. ஒவ்வொன்றும் ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதுமானது.

ஒலியும் வானொலியும்

பெரிய கேள்வியை ஆய்வு செய்யத்தக்க சிறிய கேள்வியாக மாற்றுவதுதான் முதுநிலைக் கல்வி கற்றுத்தரும் திறன். ‘நான் எங்கே இருக்கிறேன்?’ என்று ஒரு கருவி தன்னைக் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதற்கு நல்ல பயிற்சி. கட்டடத்துக்குள் செயற்கைக்கோள் அலை சரியாக எட்டாது. அங்கே இடமறிவது எப்படி?

1990களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் ஒலிவெட்டி ஆய்வகத்தில் ராய் வாண்டும் தோழர்களும் செய்த வழி இது: ஊழியர் ஒவ்வொருவரும் ஒரு சிறு அட்டையை அணிவார், அது 15 நொடிக்கு ஒருமுறை அகச்சிவப்பு ஒளியில் தன் அடையாளத்தை அனுப்பும், அறைகளில் உள்ள வாங்கிகள் அதைப் பிடித்து மையக் கணினிக்குச் சொல்லும். தொலைபேசி அழைப்பு, அவர் இருக்கும் அறைக்கே போகும். வசதிதான். ஆனால் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது முழுவதும் மையத்துக்குத் தெரியும்.

2000ஆம் ஆண்டு எம்ஐடியில் நிசங்க பிரியந்த, அனித் சக்ரவர்த்தி, ஹரி பாலகிருஷ்ணன் ஆகிய மூவர் இதைத் தலைகீழாக்கினார்கள். ஹரி பாலகிருஷ்ணன் சென்னை ஐஐடியில் படித்தவர். ‘கிரிக்கெட்’ என்ற அவர்களுடைய அமைப்பில் கூரையில் உள்ள ‘விளக்கி’ என்னும் சிறு அலைபரப்பி ஒரே கணத்தில் ஒரு வானொலி அலையையும் ஒரு மீயொலித் துடிப்பையும் அனுப்பும். வானொலி உடனே வந்துவிடும். ஒலி மெதுவாக, நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் வரும். இரண்டும் வந்து சேரும் நேர இடைவெளி 10 மில்லிநொடி என்றால் விளக்கி 3.4 மீட்டர் தொலைவில் இருக்கிறது. கணக்கு பள்ளி மாணவருக்கும் புரியும். ஆனால் ஆய்வு தொடங்குவது அதன் பிறகுதான். சுவரில் மோதித் திரும்பும் ஒலியை எப்படிப் பிரித்தறிவது? இரண்டு விளக்கிகள் ஒரே நேரத்தில் பேசினால் என்ன செய்வது? குளிரூட்டிய 20 பாகையில் ஒலியின் வேகம் 343 மீட்டர், வெக்கையான 30 பாகையில் 349 மீட்டர். வெப்பத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் 5 மீட்டர் தொலைவில் 8 சென்டிமீட்டருக்கு மேல் பிழை வந்துவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்றும் அதில் இருந்தது. விளக்கி பேசும், கருவி கேட்கும். இடத்தைக் கருவியே தனக்குள் கணக்கிட்டுக்கொள்ளும். தன் இருப்பிடத்தை வெளியே சொல்வதா வேண்டாமா என்பது அதை வைத்திருப்பவரின் முடிவு. அந்தரங்கம் பற்றிய அறநிலைப்பாடு எந்தச் சில்லு எந்தத் திசையில் பேசுகிறது என்ற பொறியியல் முடிவிலேயே அடங்கிவிட்டது. அறத்தைக் கடைசி அத்தியாயத்தில் ஒட்டிவைக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

அதே 2000இல் பரம்வீர் பாலும் வெங்கட பத்மநாபனும் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் வேறு வழி பிடித்தார்கள். கட்டடத்தில் ஏற்கெனவே இருக்கும் கம்பியில்லா வலையின் அலை வலிமையைக் கொண்டே 2 முதல் 3 மீட்டர் பிழைக்குள் இடமறிந்தார்கள். பின்னர் பெங்களூரில் பத்மநாபன், பிரசாந்த் மோகன், ராமச்சந்திரன் ராம்ஜி மூவரும் 2008இல் ‘நெரிசெல்’ என்ற ஆய்வை வெளியிட்டார்கள். சாலைக் குழியையும் போக்குவரத்து நெரிசலையும் பயணிகளின் கைப்பேசியே கண்டுபிடிக்கும் அமைப்பு அது. குலுக்கத்தை முடுக்கமானி அறியும். ஹார்ன் ஒலியை ஒலிவாங்கி கேட்கும். ஒழுங்காகத் தடம் பிரித்து வண்டி ஓட்டும் நாடுகளில் யாருக்கும் தோன்றாத கேள்வி. ஹார்ன் ஒலியைச் செய்தியாகக் கேட்க பெங்களூர்ச் சாலையில் நின்றவர்களுக்குத்தான் தோன்றும். மின்கலத்தைத் தின்னும் செயற்கைக்கோள் கருவியைத் தூங்கவிட்டு, சிக்கனமான உணரி ஏதாவது கண்டால் மட்டும் அதை எழுப்புவது என்ற உத்தியும் அதில் இருந்தது. அந்த உத்தியை மனத்தில் வைத்துக்கொண்டு ரவாங்குக்குத் திரும்புவோம்.

2020 செப்டம்பர், சுங்கை கோங்

2020 செப்டம்பர் 3ஆம் தேதி சிலாங்கூர் ஆற்று நீரில் கரைப்பான் போன்ற வாடை தெரிந்தது. சுங்கை சிலாங்கூர் 1, 2, 3, ரந்தாவ் பாஞ்சாங் ஆகிய நான்கு சுத்திகரிப்பு நிலையங்களும் நிறுத்தப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 12 லட்சம் இணைப்புகளுக்குக் குழாய் வறண்டது. வாளிகளைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லோரிக்காக வரிசையில் நின்றதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அதுவும் கொவிட் காலம், கையை அடிக்கடி கழுவச் சொன்ன காலம். மாசு வந்த வழியைத் தேடிப் போனவர்கள் ரவாங்கில் ஓடும் சுங்கை கோங் என்ற சிற்றாற்றை அடைந்தார்கள். ஒரு தொழிற்பட்டறைப் பகுதியிலிருந்து கலந்த கழிவு, சுங்கை செம்பா வழியாகப் பேராற்றுக்குள் போயிருந்தது.

வாடையை அளப்பது எப்படி என்று கேட்டால் பதில் வியப்பூட்டும். மனித மூக்குதான் கருவி. மாதிரி நீரை வாடையற்ற தூயநீரோடு படிப்படியாகக் கலப்பார்கள். பயிற்சி பெற்றவர்கள் முகர்ந்து பார்ப்பார்கள். 50 மில்லிலிட்டர் மாதிரியை 200 மில்லிலிட்டராக நீர்க்கவைத்தபோது வாடை தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் வாடை எண் 4. இத்தனை எளிய முறை இன்னும் நிலைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. மண்வாசனை தரும் ஜியோஸ்மின் என்ற பொருள் ஒரு லிட்டர் நீரில் 10 நானோகிராம் இருந்தாலே பலர் கண்டுகொள்வார்கள். ஆற்றில் மாதக்கணக்கில் மூழ்கிக் கிடக்கும் மலிவான உணரி எதுவும் அந்த அளவை எட்டுவதில்லை. அமிலத்தன்மை, கலங்கல், மின்கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன் ஆகியவற்றைத்தான் உணரிகள் நன்கு அளக்கும். வாடையை நேராக அறிய முடியாதபோது, அந்த நான்கின் அசைவிலிருந்து ‘ஏதோ கலந்துவிட்டது’ என்று ஊகிக்க முடியுமா? இதுதான் ஆய்வுக் கேள்வி.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 2,400 மில்லி ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்று இருக்கிறது. உணரி விழித்திருக்கையில் 40 மில்லி ஆம்பியர் எடுக்கும் என்று கொள்வோம்; ஒருமுறை அளந்து அனுப்ப 5 நொடி ஆகும். எப்போதும் விழித்திருந்தால் மின்கலம் இரண்டரை நாளில் தீரும். நிமிடத்துக்கு ஒருமுறை விழித்தால் ஏறத்தாழ ஒரு மாதம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் ஓராண்டுக்கும் மேல். ஆனால் ஆற்று நீர் நொடிக்கு அரை மீட்டர் நகர்ந்தால் 15 நிமிடத்தில் 450 மீட்டர் போய்விடும். சிறிய கசிவு ஒன்று இரண்டு அளவைகளுக்கு நடுவே நழுவிவிடலாம். சிக்கனமான மின்கடத்துதிறன் உணரி ஓயாமல் விழித்திருக்க, அது சந்தேகப்பட்டால் மட்டும் மற்றவை எழட்டும் என்றால்? பெங்களூர்க் கைப்பேசியின் உத்தி ஆற்றங்கரைக்கு வந்துவிடுகிறது.

அடுத்த தடை மழை. பின்னேர இடிமழை ஒன்று வந்தால் கலங்கல் ஏறும், கடத்துதிறன் இறங்கும், எல்லா எண்ணும் ஒரே நேரத்தில் குதிக்கும். மழையை மாசு என்று நினைக்காமல் இருப்பது எப்படி? இரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு உணரிகளை வையுங்கள். மழை என்றால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே மாறும். மேலிடத்தில் யாரோ கொட்டினால், முதல் உணரி மாறிய பிறகு ஒரு மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலான நேரம் கழித்தே இரண்டாவது மாறும். அந்தத் தாமதமே சாட்சி.

இன்னும் ஒன்று, எல்லாவற்றிலும் கடினமானது. ஓர் உணரி நூற்றுக்கு 99 முறை சரியாகச் சொல்கிறது என்று வைப்போம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் ஒரு நாளைக்கு 96 அளவைகள். ஏறத்தாழ ஒரு பொய் எச்சரிக்கை. ஆற்றில் 20 உணரிகள் என்றால் நாளுக்கு 19 பொய் எச்சரிக்கைகள். ஒரு வாரத்தில் பணிமுறையில் இருக்கும் அதிகாரி திரையைப் பார்ப்பதை விட்டுவிடுவார். உண்மையான மாசு வரும் நாளில் யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆய்வறிக்கையில் அழகாகத் தெரியும் 99 விழுக்காடு ஆற்றங்கரையில் போதாது. மனிதரின் கவனத்தைக் காக்க வேண்டும் என்று சத்யநாராயணன் சொன்னது இங்கே குடிநீர் விவகாரமாகிறது.

யாரைப் பார்க்கிறது?

ஆற்றைக் கண்காணிக்க எவரும் மறுப்புச் சொல்லப் போவதில்லை. வீட்டுக்குள் வந்தால் நிலைமை வேறு. ஷ்வேதக் படேல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்தபோது, 2007இல் ஓர் உண்மையைக் காட்டினார். ஒவ்வொரு மின்கருவியும் போடும்போதும் அணைக்கும்போதும் வீட்டுக் கம்பிகளில் தனக்கே உரிய இரைச்சலை விடுகிறது. ஒரே ஒரு பிளக்கில் செருகிய கருவி அந்த இரைச்சலைக் கேட்டு, எந்த விளக்கு எரிந்தது, எது அணைந்தது என்று சொல்லிவிடும்.

ரவாங்கில் தனியாக வசிக்கும் தாயையும், பிரிக்ஃபீல்ட்ஸில் வேலை பார்க்கும் மகளையும் எண்ணிப் பாருங்கள். காலை ஏழு மணிக்குத் தேநீர்க் கெண்டி சூடாகவில்லை என்றால் மகளுக்கு ஒரு செய்தி போகும். புகைப்படக்கருவி வேண்டாம், அம்மா எதையும் அணிய வேண்டாம். அருமையான உதவி. ஆனால் அம்மா எப்போது எழுகிறார், எத்தனை முறை இரவில் விளக்குப் போடுகிறார், யார் வந்த நாளில் மின்அடுப்பு அதிக நேரம் எரிந்தது என்பதும் அதே பிளக்குக்குத் தெரியும். மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. வணிகப் பரிமாற்றங்களுக்கான சட்டம் அது. மத்திய, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்தாது. எனவே ‘சட்டம் அனுமதிக்கிறது’ என்ற ஒரு வரியோடு ஆய்வாளர் நின்றுவிடக் கூடாது. கெண்டி சூடானதா இல்லையா என்பதை மட்டும் வீட்டுக்குள்ளேயே முடிவு செய்து, மற்ற எல்லாவற்றையும் அங்கேயே அழித்துவிடும்படி கருவியை வடிவமைக்கலாம். அம்மாவின் சம்மதத்தை மகளிடம் வாங்கக் கூடாது. அம்மாவிடமே, அவர் பேசும் தமிழிலேயே விளக்கி வாங்க வேண்டும்.

ஆய்வைத் தொடங்குவோருக்கு

கிள்ளான் பள்ளத்தாக்கில் மலாயாப் பல்கலைக்கழகம், செர்டாங்கில் யுபிஎம், பாங்கியில் யுகேஎம், சைபர்ஜெயாவில் மல்டிமீடியா பல்கலைக்கழகம் என்று இத்துறையில் முதுநிலை ஆய்வு செய்ய இடங்கள் இருக்கின்றன. 1999இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் தொடங்கிய மாநாட்டுத் தொடர் இன்று யூபிகாம்ப் என்ற பெயரில் நடக்கிறது. அதன் கட்டுரைகளைப் படிக்கும் மாணவருக்கு வரும் முதல் ஆசை, அமெரிக்காவில் செய்த ஒன்றை இங்கே இன்னும் சில விழுக்காடு துல்லியமாகச் செய்து காட்டுவது. அதில் தவறில்லை, ஆனால் அது சீக்கிரம் பழசாகிவிடும்.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஓர் ஆறு, ஒரு தாமான், ஒரு கிளினிக், ஒரு பேருந்துத் தடம். கருவி எதையும் வாங்குவதற்கு முன் அங்கே வேலை செய்பவர்களோடு பேசுங்கள். ஆற்றில் எந்த நேரத்தில் வாடை வரும் என்று பம்பு நிலையப் பணியாளருக்கும், கரையோரத்தில் தோட்டம் போட்டிருக்கும் பெரியவருக்கும் தெரிந்திருக்கும். அவர்கள் சொல்வது உங்கள் முதல் தரவு. பிறகு கேள்வியை அளக்கத்தக்க ஒரே வாக்கியமாகச் சுருக்குங்கள். ‘ஆற்றைப் பாதுகாத்தல்’ என்பது ஆசை. ‘வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் பொய் எச்சரிக்கை இல்லாமல், மழையையும் கழிவையும் இரண்டு உணரிகளால் பிரித்தறிய முடியுமா?’ என்பது ஆய்வு.

உணரியை ஆற்றில் இறக்கிய பிறகு வரும் தோல்விகளை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். சில வாரங்களில் அதன் மீது பாசி படியும், அளவுகள் மெல்ல விலகும், வெள்ளம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகும். ஆய்வகத்தில் கிடைத்த எண்ணை மட்டும் வெளியிட்டு இவற்றை மறைத்தால், அடுத்து வருபவர் அதே பாசியில் அதே நேரத்தை இழப்பார்.

ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு கேள்விக்கும் பதில் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பட்டம் வாங்கிய மறு ஆண்டு இந்த உணரியைத் துடைக்கப் போவது யார், மின்கலத்தை மாற்றப் போவது யார், எச்சரிக்கை வந்தால் எடுக்க வேண்டிய தொலைபேசி யாருடைய மேசையில் இருக்கிறது? உதவித்தொகை தீர்ந்த மாதத்தோடு ஆற்றங்கரையில் துருப்பிடிக்கும் கருவிகள் உலகெங்கும் இருக்கின்றன. அந்தக் கேள்விக்கான பதிலை முதல் நாளிலேயே தேடத் தொடங்கும் மாணவர் வேறு விதமான கருவியைச் செய்வார்: எளிதில் கழற்றக்கூடியது, உள்ளூர்க் கடையில் உதிரி கிடைப்பது, நீர்நிலையப் பணியாளர் ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளக்கூடியது. அதை ஊரார் நம்புவார்கள். நம்பிய பிறகு அது அங்கே இருப்பதையே மறந்துவிட்டுக் குழாயைத் திறப்பார்கள். வைசர் விரும்பிய மறைதல் அதுதான், அதற்கு உழைக்க ரவாங்கில் வேண்டிய மட்டும் இடம் இருக்கிறது.